தொண்ணூற்றாறு மணி நேரம்

ஆஸ்பத்திரி என்றால் ஆஸ்பத்திரிதானே, அதில் வகை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று ஹெல்விக் ஊர்க்காரர்கள் கேட்டார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் மாநில அரசின் உரிமப் புத்தகம் அவர்களைக் கேட்டா எழுதப்பட்டது? பெருநகரப் பொது மருத்துவமனைக்கு அதில் ஒரு விளக்கம், மனநல மருத்துவமனைக்கு ஒரு விளக்கம், ஹெல்விக் மாதிரி அத்துவான வெளியில் கிடக்கும் சிறு மருத்துவமனைக்குத் தனியாக ஒன்று. கட்டில்கள் இருபத்தைந்துக்கு மேல் கூடாது. நோயாளிகள் தங்கும் நேரம் வருடச் சராசரியில் தொண்ணூற்றாறு மணியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உரிமம் ஒரு படி இறங்கி, அந்தக் கட்டடம் வெறும் அவசர சிகிச்சை நிலையமாகிவிடும். அதன் பிறகு வந்தவருக்கு ஊசி போட்டு, கட்டுக் கட்டி, தொண்ணூறு மைல் தள்ளி இருக்கும் நகரத்துக்கு ஏற்றி அனுப்ப வேண்டியதுதான். ஒருவரைக்கூட உள்ளே படுக்க வைக்க முடியாது.

தலைமை நர்ஸ் வெர்லா டோஸ்ட்ரூட் அந்த வருடத்துக் கணக்கை மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டாள். மூன்று முறையும் தொண்ணூற்றெட்டுதான் வந்தது. நான்காவது முறை கூட்ட அவளுக்குத் தெம்பில்லை. மாநில ஆய்வாளர் அன்று காலை ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது.

தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். ஜனவரியில் அடித்த பனிப்புயல். ஐந்து பேர் உடம்பு தேறி வீட்டுக்குப் போகத் தயாராக இருந்த நேரத்தில் வானம் இடிந்து விழுந்தது போலக் கொட்டியது. ஐந்து பேருக்கும் வயது எழுபதுக்கு மேல். ஐந்து பேருக்கும் வீடு இருபது, முப்பது மைலுக்கு அப்பால். "யாரும் எங்கயும் போகப்போறதில்ல. ரோடு திறக்குற வரைக்கும் எல்லாரும் இங்கதான். எதா இருந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்று வராந்தாவில் நின்று சத்தமாகச் சொன்னவள் அவளேதான். ரோடு திறக்க ஆறு நாள் ஆயிற்று. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன வாய், இப்போது காபிகூட இறங்காமல் வறண்டு கிடந்தது.

ஆய்வாளரின் பெயர் ரொவீனா டெஷ். ஒல்லியான உடம்பு, நரைத்த குட்டை முடி, தன் காபியைத் தானே ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தாள். சமையலறையில் சுட்டு வைத்திருந்த இலவங்கப்பட்டை ரொட்டியை நீட்டியபோது, "வேலை முடியிற வரைக்கும் நான் எதுவும் வாங்கிக்கறதில்ல" என்றாள். சமையல்காரி முகம் சுருங்கிப்போனது. அந்த ரொட்டியை வேண்டாம் என்று சொன்ன மனிதப்பிறவியை ஹெல்விக் அதுவரை கண்டதில்லை.

ரொவீனா கட்டில்களை எண்ணினாள். பத்தொன்பது. மருந்து அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். ஜெனரேட்டரை ஓடவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எல்லாம் சரி. பிறகு கூட்ட அறையில் உட்கார்ந்து, தங்கிய நேரக் கணக்கை விரித்தாள். பென்சில் ஒரு இடத்தில் நின்றது.

"தொண்ணூத்தெட்டு."

"ஆமாம்" என்றாள் வெர்லா. "ஜனவரியில புயல். அஞ்சு பேரை நான்தான் நிறுத்தி வச்சேன். டாக்டர் மேல தப்பில்ல."

"புயல்னா அந்த மணி நேரத்தைக் கழிச்சிடலாமே. விதியிலேயே இருக்கு. வெளிய போக முடியாதபடி வானிலை தடுத்தா அது கணக்குல சேராது." ரொவீனா நிமிர்ந்தாள். "ஆனா அன்னன்னைக்கு நோயாளியோட கோப்புல எழுதியிருக்கணும். ரோடு மூடியிருக்குன்னு ஒரு வரி. எழுதியிருக்கீங்களா?"

வெர்லா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். ஐந்து கோப்புகளிலும் அந்த ஆறு நாட்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே சொல்வாள். 'நலம். இன்றும் இங்கே.' அவ்வளவுதான். ஜனவரியில் பனி பெய்தது என்று ஹெல்விக்கில் எந்த மடையன் எழுதி வைப்பான்? ரோடு மூடியது ஊருக்கே தெரியும். ஊருக்கே தெரிந்ததை எழுதுவது அங்கே ஒரு வழக்கமே இல்லை.

"கோப்பெல்லாம் எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து வெளியே வந்தாள்.

ஆவண அறையில் நிர்வாகி கார்வின் ஹாஸ் காத்துக்கொண்டிருந்தான். ஆய்வு நாளில் மட்டும் டை கட்டுகிறவன். அந்த டை இப்போது ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினான்.

"ஒரே ஒரு வரி, வெர்லா. அதே பேனா. 'ரோடு மூடல்'. பொய்யா எழுதச் சொல்றேன்? மூடினது உண்மைதானே?"

"மூடினது உண்மை. அன்னைக்கே எழுதினோம்கிறது உண்மையில்லையே."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும், போதாதா?"

"ஆகா! இருபத்திரண்டு வருஷமா மகாராணி தப்பே செய்யல, இன்னைக்கும் செய்ய மாட்டாங்க. நாளைக்கு நெஞ்சு வலின்னு ஒருத்தன் வந்தா, தொண்ணூறு மைல் போற வழியில செத்தான்னா, அவன் பொண்டாட்டிகிட்டப் போய் உன் நேர்மையைச் சொல்லு."

அது சுருக்கென்று தைத்தது. வெர்லா பேனாவைக் கையில் எடுத்தாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூடியைக்கூடத் திறந்தாள். முதல் கோப்பில், ஜனவரி பதினான்கில், எழுத இடமும் இருந்தது. அவளிடம் பயிற்சி எடுத்த எத்தனையோ நர்ஸ்களுக்கு முதல் நாள் அவள் சொல்லித்தந்ததே, நேற்றைய தேதியில் இன்று எழுதாதே என்பதுதான். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினாள்.

"நான்தான் நிறுத்தி வச்சேன், நான்தான் எழுதாம விட்டேன். நான் போய் சொல்லிக்கறேன்" என்றாள்.

"போ, போய்க் கடையை மூடிட்டு வா" என்று கார்வின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

அவள் கோப்புகளை ரொவீனாவின் முன் வைத்து, உட்காராமலே சொன்னாள். "எழுதல. எழுதணும்னு தோணல. தப்பு என்னோடது."

ரொவீனா முதல் கோப்பைத் திறந்தாள். ஆர்விட் மோன், எண்பத்தொன்று, நிமோனியா. 'நலம். இன்றும் இங்கே.' ஆறு முறை. பக்கத்தைப் புரட்டினாள். கடைசியில் பழுப்பு நிறத்தில் ஒரு தாள் குத்தியிருந்தது. அதன் தலைப்பைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது.

"மாடு?"

வெர்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எரிகிற நெருப்பில் எண்ணெய் வேறு. "அது... இங்க ஒரு பழக்கம். பண்ணைக்காரங்க மாட்டுக்கு வழி சொல்லாம படுக்க மாட்டாங்க. ஊசியைப் புடுங்கிட்டு எழுந்து போயிடுவாங்க. அதனால சேர்க்கும்போதே எத்தனை மாடு, யார் தீனி போடுவாங்கன்னு கேட்டு எழுதிக்குவோம். பக்கத்துப் பண்ணையில இருந்து தினமும் போன் வரும். வந்த சேதியை எழுதி இவங்களுக்குப் படிச்சுக் காட்டுவோம்."

"மருத்துவக் கோப்புக்குள்ள?"

"வேற எங்க வைக்கிறதுன்னு தெரியல."

ரொவீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோர்ட்டில் சாட்சியம் படிப்பது போல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள். "'ஜனவரி பதினாலு, காலை ஏழு பத்து. பக்கத்துப் பண்ணை மைலோ பேசினார். ரோடு வேலி உயரத்துக்கு மூடியாச்சு, பனி தள்ளுற வண்டியே பாதியில திரும்பிடுச்சு. கிழக்குப் பக்கத்து ஆள் வயல் வழியா நடந்து போய் வைக்கோல் போட்டார். கருப்புக் காளை முட்டப் பார்த்ததாம். ஆர்விட்டிடம் சொன்னேன், அது அப்படித்தான்னு சிரிச்சார். கையெழுத்து, வி. டோஸ்ட்ரூட்.'"

நிறுத்தினாள். அடுத்த வரியை வாய்க்குள்ளேயே படித்தாள். அதற்கடுத்ததையும். பதினைந்து, ரோடு மூடல். பதினாறு, ரோடு மூடல், மின்சாரமும் இல்லை. தேதி, மணி, கையெழுத்து, ஒன்றும் குறையவில்லை.

"இது அன்னைக்கே எழுதினதா?"

"மாடு விஷயமாச்சே, தள்ளிப்போட முடியுமா? போனைக் காதுல வச்சுக்கிட்டே எழுதுவோம்."

"மத்த நாலு?"

மூன்றில் மாடு இருந்தது. ஐந்தாவது ஓய்வுபெற்ற தபால்காரி, மாடு கிடையாது. அவள் கோப்பின் கடைசியிலும் பழுப்புத் தாள் இருந்தது. மேலே 'பூனை' என்று எழுதியிருந்தது. 'ரோடு மூடல். ஜன்னல் வழியா பாத்தாங்களாம், சோபா மேல தூங்குது. தீனி நிறைய இருக்கு.' ரொவீனா டெஷ் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். ஐந்து பேர், ஆறு நாள், எழுநூற்றிருபது மணி. கழித்தாள், வகுத்தாள், தாளை வெர்லாவின் பக்கம் திருப்பினாள். தொண்ணூற்று மூன்றுக்குக் கொஞ்சம் கீழே.

வெர்லா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"மருத்துவக் கோப்புல மாடு இருக்கக் கூடாது. அதுக்குக் குறை எழுதத்தான் செய்வேன்" என்றாள் ரொவீனா. "வீடு திரும்பத் தடைன்னு ஒழுங்கா ஒரு படிவம் போடுங்க. பத்து நாள் டைம். அதுல மாட்டையும் சேர்த்துக்கறது உங்க பாடு." தாள்களை அடுக்கியபடி குரலைத் தாழ்த்தினாள். "கோப்பை எடுக்கப் போனீங்க, ரொம்ப நேரமாச்சு. எனக்குப் பயமாயிடுச்சு. இந்த வேலையில பத்து ஆஸ்பத்திரியில நாலுல கோப்பு புது மையோட வரும். ஒரு வரி புதுசா இருந்திருந்தா இந்தப் பழுப்புத் தாளையும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

வெர்லாவின் சட்டைப் பையில் இருந்த பேனா நெஞ்சில் கனத்தது.

வராந்தாவுக்கு வந்தபோது கார்வின் சுவரோடு சுவராக நின்றிருந்தான். அவள் தலையை ஆட்டினாள். அவன் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, தன் இடுப்பு பிடித்துக்கொள்ளவே "ஐயோ" என்று இறக்கிவிட்டான். "சண்டாளி, என் உசுரையே எடுத்துட்டே" என்றான்.

அப்போது ரேடியோ கரகரத்தது. வடக்கே எல்லை ரோட்டிலிருந்து ஆம்புலன்ஸ். அறுபத்தெட்டு வயதுப் பெண், காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. ஓட்டுநர் தயங்கினான். ஊரெல்லாம் ஒரு மாதமாக இந்த ஆய்வைப் பற்றித்தான் பேச்சு.

"வெர்லா, நேரா நகரத்துக்குப் போயிடட்டுமா? தொண்ணூறு மைல் தாங்குவாங்களான்னு தெரியல. அங்க இன்னும் படுக்க வைக்கலாமா, இல்ல நின்னுபோச்சா?"

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வரட்டும் என்று விட்டாள்.

"இங்கயே கொண்டாங்க" என்றாள். "மூணாம் நம்பர் ரூம். எத்தனை நாள் ஆனாலும் சரி, தேறித்தான் வீட்டுக்குப் போவாங்க."