பக்கத்து வீட்டில் பெட்டி

செவ்வாய்க்கிழமை பயணம் ஆகாது. டிக்கெட்டோ செவ்வாய்க்கிழமைக்குத்தான் கிடைத்தது. அதனால் வேதாந்தம் ஞாயிறு காலை நல்ல நேரம் பார்த்து, மயிலாப்பூர் குடியிருப்பில் பக்கத்து வீட்டில் தன் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார். பெட்டி வாசல்படி தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம்.

போன மாதம்தான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். இனி அவருக்கும் மனைவி விஜயலக்ஷ்மிக்கும் மெல்போர்னில் மகளோடுதான் வாசம். மகளின் பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

திங்கள் காலையில் மகள் அழைத்தாள். "அப்பா, வலி எடுத்துடுத்து. டிக்கெட்டை இன்னிக்கு மத்தியானத்துக்கே மாத்தியாச்சு. கிளம்பி வந்துடுங்கோ."

வேதாந்தம் ஓடிப்போய்ப் பார்த்தார். பக்கத்து வீடு பூட்டியிருந்தது.

"விடிகாலையே திருப்பதி போயிட்டாங்க சார், நாளைக்குத்தான் வருவாங்க" என்றான் வாட்ச்மேன் சேட்டு. "வேற துணி எடுத்துக்கினு போங்க சார்."

"பாஸ்போர்ட் அதுக்குள்ள இருக்குப்பா."

"பாஸ்போர்ட்டையா வெச்சேள்?" என்றாள் பின்னாலேயே வந்த விஜயலக்ஷ்மி.

"வெறும் துணி வெச்சா பலிக்காது, முக்கியமானதா ஒண்ணு வைக்கணும்னு நீதானே சொன்னே?"

பக்கத்து வீட்டாரின் போன் அணைந்து கிடந்தது. தரிசன வரிசையில் நிற்பார்கள். அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைக்கவா முடியும்?

மகள் மறுபடி அழைத்தாள். மூச்சு வாங்கியது.

"டாக்ஸி ஏறிட்டேளாப்பா?"

வேதாந்தம் பூட்டைப் பிடித்தபடி நின்றார்.

"பெட்டி கிளம்பிடுத்தும்மா" என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது.