ஸெவ்தாவின் சமையலறைக்கு நடந்து வந்த பட்டாம்பூச்சிகள்

மழை பிடித்த பதினொன்றாம் நாள் காலையில் மக்லென் மலையின் பட்டாம்பூச்சிகள் எல்லாம் நடந்தே ஊருக்குள் வந்தன. சிறகுகள் நனைந்து ஒட்டிக்கொண்டதால் பறக்க வழியில்லை. மசூதியைத் தாண்டி, பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் தாண்டி, வரிசை குலையாமல் மேடேறி வந்து, ஸெவ்தாவின் விடுதி வாசலில் கிடந்த சாக்கில் கால் துடைத்துக்கொண்டு உள்ளே போயின. ஏன் அந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. பூச்சி பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் தங்குவார்கள் என்பது ஊருக்கே தெரியும். எழுபத்தாறாம் ஆண்டு இப்படியொரு மழையில் நத்தைகள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து பதிமூன்று நாள் காத்திருந்தது நினைவில் இருந்தவர்கள், பட்டாம்பூச்சி எவ்வளவோ மேல், தரையாவது வழுக்காது என்றார்கள்.

விடுதியில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். பெர்னிக் நகரில் ரயில் சிக்னல்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற லூபென், அவர் மனைவி நெடெல்யா, சோபியாவில் பல் மருத்துவராக இருந்த நண்பர் ஸ்டமென். ஒவ்வொரு ஜூலையும் இரண்டு வாரம் அவர்கள் அங்கே வருவது ஒரே ஒரு பட்டாம்பூச்சிக்காக. பதினான்கு வருஷங்களுக்கு முன்பு லூபென் தனியாக இந்த மலைக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போய்ப் படம் வரைந்து காட்டினார். மேல்சிறகு சாம்பல் நிறம், பின்சிறகின் ஓரத்தில் ஒற்றைப் பச்சைப் பொட்டு. நீலன்களின் குடும்பம் என்று சொல்லி, மனைவியின் பெயரைச் சேர்த்து அதற்கு "நெடெல்யா நீலன்" என்று பெயரும் வைத்தார். அதன்பிறகு யார் கண்ணிலும் அது படவில்லை. ஸ்டமென் விடாமல் பதிமூன்று ஜூலை தேடினார். முழங்கால்கள் இரண்டும் போயின. இந்த வசந்தத்தில் இதயக் குழாயில் சுருள் வைத்த மருத்துவர், இந்த வருஷத்தோடு மலையேற்றம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். அந்தக் கடைசி ஜூலையில்தான் வானம் மூடிக்கொண்டது.

அப்படி ஒரு பட்டாம்பூச்சி கிடையாது என்பது உலகத்தில் லூபென் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தனியாக வந்த அந்த வருஷத்து வசந்தத்தில் நெடெல்யாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. வயது நாற்பத்தாறு, இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நெடெல்யா பேசுவதை நிறுத்தினார். வீட்டில் இருக்க முடியாமல் மலைக்கு ஓடி வந்த லூபென், ஆறு நாளும் மழையில் ஓர் ஆட்டுக்காரர் குடிசைக்குள் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார். கதவைத் திறந்த நெடெல்யா மூன்று மாதம் கழித்து முதல் வார்த்தையாக, என்ன பார்த்தாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல லூபெனுக்கு வாய் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். நெடெல்யா சிரித்தார். அடுத்த வாரம் நெடெல்யாவே அதை ஸ்டமெனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

பட்டாம்பூச்சிகள் சுவரெல்லாம், அலமாரியெல்லாம், தயிர்ச் சட்டியின் விளிம்பெல்லாம் உட்கார்ந்தன. ஸெவ்தா இரண்டு முறை பெருக்கி வெளியே தள்ளினார். இரண்டு முறையும் அவை கால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தன. துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு ஸெவ்தா சொன்னார்: "வருஷா வருஷம் இதுகளைத் தேடி நீங்க மலை ஏறுவீங்க. இப்ப இதுகளே உங்களைத் தேடி வந்திருக்கு. என்ன ஏதுன்னு கேட்டு அனுப்பி வைங்க ஐயா. உருளைக்கிழங்கு சீவணும், எனக்குக் கை வைக்க இடமில்ல."

ஸ்டமென் தன் தேநீர்க் கோப்பையின் காதில் உட்கார்ந்திருந்த ஒன்றைப் பார்த்து, பழக்க தோஷத்தில், "முத்துச்சிறகன், பெண்" என்றார். அது ஒருமுறை உதறிக்கொண்டது. சிறகு உடனே காய்ந்தது. எழும்பி ஜன்னல் வழியாக மழைக்குள் போனது, ஒரு துளிகூட அதன்மேல் படவில்லை. லூபென் பக்கத்தில் இருந்த ஒன்றை அவசரத்தில் தப்பான பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டது. சரியான பெயர் சொல்லி அனுப்புவதுதான் வேலை என்று அதிலேயே விளங்கிவிட்டது.

மூன்று நாள் ஆனது. வெள்ளையன்களும் அப்பொல்லோக்களும் முதல் நாள் மதியத்துக்குள் போய்விட்டன. நீலன்கள்தான் படுத்தி எடுத்தன. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே நீலம், அடிச்சிறகின் புள்ளிகளை லென்ஸ் வைத்து எண்ணினால்தான் இன்னது என்று சொல்ல முடியும். மலைப் பழுப்பன்கள் அதைவிட மோசம். பன்னிரண்டு வகை, பன்னிரண்டுக்கும் ஒரே பழுப்பு, ஒரே கண்புள்ளி. "பல்லுன்னா சுலபம்டா," என்று ஸ்டமென் முனகினார். "ஆ காட்டுங்கன்னா காட்டுவாங்க. இதுங்க மூடிக்கிட்டு உக்காந்திருக்கு பாரு, மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி." நெடெல்யா முர்சல் மூலிகைத் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பட்டாம்பூச்சிகளை மிதிக்காமல் நடக்க மூவரும் கால் விரலில் நடந்து பழகினார்கள். பொய்ப் பெயருக்கு மசியாத பூச்சிகளோடு ஒரே அறையில் மூன்று நாள் இருப்பது லூபெனுக்கு லேசான காரியமாக இல்லை.

நான்காம் நாள் காலை ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. ஜன்னலில், ஜெரேனியப் பூந்தொட்டியின் பக்கத்தில். முதலில் பார்த்தவர் ஸ்டமென்.

"லூபென்! டேய், எந்திரிச்சு வாடா! உன் பூச்சிடா!"

சாம்பல் மேல்சிறகு. பின்சிறகின் ஓரத்தில் ஒற்றைப் பச்சைப் பொட்டு. படத்தில் லூபென் பொட்டைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருந்தார். அந்தச் சாய்வும் அப்படியே இருந்தது. ஸ்டமெனின் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வடிந்தது. "நெடெல்யா நீலன்," என்றார். அது அசையவில்லை. காது கேட்காதவரிடம் சொல்வதுபோல் உரக்க இன்னொரு முறை சொன்னார். அது முதுகைக் காட்டித் திரும்பியது.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீ வச்ச பேருதானே, நீயே சொல்லுடா."

சொல்லலாம்தான். அசையாவிட்டால், பூச்சிக்கு உடம்பு சரியில்லை என்று சமாளிக்கவும் லூபெனுக்குத் தெரியும். பதினான்கு வருஷத்தில் அதற்கெல்லாம் பழகியிருந்தார். ஆனால் ஸ்டமென் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அதோட பேரு அது இல்ல," என்றார் லூபென். "நான் எதையும் பாக்கல, ஸ்டமென்."

"எதைப் பாக்கல?"

"எதையுமே. ஆறு நாளும் மழை. குடிசைக்குள்ள உக்காந்திருந்தேன். இட்டுக்கட்டிச் சொன்னேன்."

ஸெவ்தா அடுப்பைத் தணித்தார். "என் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு நான் இந்த மலைல இருந்தேன்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டமென் வீட்டுச் செருப்போடு மழைக்குள் இறங்கிப் போனார்.

லூபென் மனைவியைத் திரும்பிப் பார்க்கப் பயந்து நின்றார். நெடெல்யா வந்து அவருடைய மழைக்கோட்டை எடுத்துக் கையில் திணித்தார். "அன்னைக்கு நான் சிரிச்சது பூச்சிக்காகன்னு நெனச்சியா? ஒரு பூட்ஸ்ல மட்டும் முழங்கால் வரைக்கும் சேறு, இன்னொண்ணு சுத்தமா இருந்துச்சு. அப்படி ஒரு கோலத்துல வந்து நின்னே. அதுக்குத்தான் சிரிச்சேன். பதினாலு வருஷம் ஒரு வார்த்தை சொல்லலியே, கழுதை. போ, அவரு வெறும் செருப்போட போறாரு."

ஊர்க்கோடி ஊற்றுக் குழாயின் கூரைக்கடியில் ஸ்டமென் உட்கார்ந்திருந்தார். லூபென் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குழாய்த் தண்ணீர் ஒரு பக்கம், மழைத் தண்ணீர் ஒரு பக்கம் விழுந்துகொண்டிருந்தது.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"ரெண்டாம் வருஷம் சொல்லணும்னுதான் வந்தேன். நீ புது பூட்ஸ் வாங்கியிருந்தே."

"அந்த பூட்ஸ் கடிச்சுதுடா."

"தெரியும். நான்தானே கட்டுப் போட்டேன்."

ஸ்டமெனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்ததும் கோபம் திரும்பி வந்தது. லூபெனைத் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டார். லூபென் வாங்கிக்கொண்டார். அந்தக் குத்தில் நெஞ்சுக்குள் பதினான்கு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்ததுபோல் இருந்தது. அவ்வளவு காற்று இந்த உலகத்தில் இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது.

"சரி, அங்க உக்காந்திருக்கே ஒண்ணு. அது என்ன?"

"தெரியலடா."

"உன் வாயில இந்த வார்த்தையை இன்னைக்குத்தான் கேக்கறேன்," என்று சொல்லி ஸ்டமென் எழுந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டதால் லூபென் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

மூவரும் லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். அது நீலனே இல்லை என்று ஸ்டமென் சொன்னார். கால், உணர்கொம்பு, சிறகின் நரம்போட்டம் எதுவும் ஒத்துப்போகவில்லை. முதலில் பார்த்தவர் என்ற முறையில் பெயர் வைக்கும் உரிமை தனக்கு என்றும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. என் பேரை விட்டுவிடுங்கள், எனக்கே அது இப்போதுதான் திரும்பக் கிடைத்திருக்கிறது என்றார் நெடெல்யா. ஸ்டமென் யோசித்துவிட்டு, "ஸெவ்தா சாம்பலன்" என்றார்.

"வச்சுக்கோங்க," என்றார் ஸெவ்தா, கிழங்கைச் சீவிக்கொண்டே. "ஆனா கிளம்பச் சொல்லுங்க."

அது உதறிக்கொண்டது. சிறகு காய்ந்து விரிந்தது. நால்வர் தலைக்கும் மேலே ஒருமுறை சுற்றிவிட்டு மழைக்குள் போனது. அன்று மதியம் லூபென் மூன்று கிண்ணம் பீன்ஸ் சூப் குடித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். மழை இன்னும் ஒன்பது நாள் பெய்தது. அதைப் பற்றி ஒருவரும் குறைப்படவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து ஸ்டமென் மலையேறவில்லை. மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்து விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தார். மகள் அவரோடு முழுதாகப் பேச இரண்டு ஜூலை ஆயின, பிறகு பேச்சு நிற்கவில்லை. சாம்பலன்கள் அந்தப் பக்கத்தில் பெருகிவிட்டன. மழை நாட்களில் அவற்றில் ஒன்றிரண்டு தேவின் நகரத்துக்குப் போகும் காலைப் பேருந்தில் ஏறிக்கொள்கின்றன, நனையாமல் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர அதுதான் வசதி. பாலத்தடி நிறுத்தத்தில் இறங்க ஆள் இல்லாவிட்டாலும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, அவை இறங்கி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு எடுக்கிறார்.