மேல அடிடா றோலண்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பந்து டீமை வெளியாள் யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. குறை சொல்ல நான் ஒருத்தி போதும். பந்து மறுகோடியில் இருக்கும்போது கோல் கீப்பர் மூக்கன் பீடி பற்றவைப்பான் என்பது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு கப்டன் சோலைமலையின் ஓட்டம் பாதியாகிவிட்டது என்பதும் தெரியும். என் கூடப் பிறந்த தம்பி றோலண்ட், காலுக்குப் பந்து வந்ததும் அதை அடிக்காமல் ஒரு கணம் அழகு பார்ப்பான் என்பதும் தெரியும். இதையெல்லாம் நான் சொல்லலாம். மஸ்கெலியா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் சொன்னான். அவன் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டான்.

நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. கல்லுமலைத் தோட்டத்தில் அப்போது தட்டையான இடம் என்றால் பெரட்டுக் களம் ஒன்றுதான். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நாங்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. அங்கே பந்தடித்தால் ஆபீஸ் கண்ணாடி உடையும் என்று விரட்டிவிட்டார்கள். ஆகவே பையன்கள் பக்டரிக்குக் கீழே இருந்த புல்தரையை வெட்டிச் சரிப்படுத்தி மைதானம் ஆக்கினார்கள். சரிப்படுத்தினார்கள் என்றா சொன்னேன்? மலை மலையாகத்தான் இருந்தது. மேல் கோட்டை ஒட்டித் தேயிலை, கீழ்க் கோட்டைத் தாண்டினால் ஆறு.

பந்து ஆற்றில் விழுந்தால் அதைத் துரத்திப் பிடித்து ஏறி வருவதற்குள் ஆட்டத்தின் சூடே ஆறிவிடும். அதனால் எங்கள் டீமுக்கு ஒரே சட்டம், பந்தை மேல்பக்கம் பார்த்து அடி. கோலுக்கு நேராக அடித்தால் அது சரிந்து ஆற்றுக்குப் போகும். மேல்பக்கம் பார்த்து அடித்தால் வளைந்து இறங்கி இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் போய்ச் சேரும். பின்னேரக் கொழுந்தை மடுவக் கொட்டகையில் எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு நாங்கள் பெண்கள் அந்த மேல் கோட்டில்தான் நிற்போம். "மேல அடிடா! மேல!" என்று கத்துவோம். அதில் எனக்குத்தான் பெரிய தொண்டை. சுகிர்தம் இருக்கும்போது சர்ச் திருநாளுக்கு ஸ்பீக்கர் எதற்கு என்று என் புருஷன் ஜோர்ஜ் சொல்வார். பெருமையாகச் சொல்கிறாரா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

சொந்த மைதானத்தில் எங்களை வென்றவர்கள் கிடையாது. பூட்ஸ் போட்டு வந்தவர்களும் தோற்றுத்தான் போனார்கள். அடித்த பந்தெல்லாம் ஏன் ஆற்றுக்கே ஓடுகிறது என்று அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதற்குள் எங்கள் பையன்கள் வெறுங்காலோடு மூன்று கோல் போட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் றோலண்டைப் பார்த்திருக்க வேண்டும். இடது ஓரத்தில் ஆடுகிறவன், லெப்ட் அவுட் என்போம். மேல் கோட்டோரமாக எங்கள் பாவாடை சேலை விளிம்பை உரசிக்கொண்டு ஓடுவான். ஓடும்போதே "எப்படிக்கா?" என்று கேட்பான். "பேசாம ஓடுடா பரதேசி" என்பேன். அந்த ஓட்டத்தை இன்றைக்கு பூட்ஸும் ஜேர்சியும் போட்டு ஆடுகிறவர்களிடம் நான் பார்க்கவில்லை. சும்மா பழைய கதை பேசுகிறாள் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் கப்புக்கான கடைசி மெச் வருஷா வருஷம் ஹட்டனில் நடக்கும். அந்த மைதானம் ரொட்டிப் பலகை மாதிரித் தட்டை. அங்கே போனால் எங்கள் பையன்களுக்கு என்னதான் ஆகுமோ, பந்து வெளியே வெளியே போகும். ஒவ்வொரு வருஷமும் தோற்றுத் திரும்பும் லொறியில் நான் ஒவ்வொரு காரணம் சொல்வேன். ஒரு வருஷம் ஹட்டன் கடை பணிஸ் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். மறுவருஷம் சோலைமலை மேல் பழி. அதற்கடுத்த வருஷம் டவுன்காரர்களின் கண்பட்டுவிட்டது என்றேன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஜோர்ஜ் மட்டும் தூங்கிக்கொண்டு வருவார்.

அந்த வருஷம் றோலண்டுக்கு இந்தியாவுக்குப் போக நாள் குறித்து வந்துவிட்டது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் அது. எங்கள் அப்பா இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது றோலண்ட் சின்னவன், அப்பாவோடு சேர்ந்தான். நான் ஜோர்ஜைக் கட்டி வந்துவிட்டேன், ஜோர்ஜ் இலங்கைக்குப் போட்டிருந்தார். மனுவுக்குப் பதில் வருவதற்குள் அப்பா செத்துப்போனார். அக்கா இலங்கைக்காரி, தம்பி இந்தியாக்காரன் என்று ஆகிப்போனது.

தம்பி, போகாதே என்று ஒருநாளாவது சொன்னேனா? சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும்? அவன் பெண்சாதி டோரீன் பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அங்கே போய் உட்கார்ந்து, போன ஞாயிற்றுக்கிழமை பின்வரிசை ஆடிய லட்சணத்தைப் பற்றிப் பேசிவிட்டு வருவேன். கடைசி மெச் முடிந்து நாலாம் நாள் ஹட்டன் ஸ்டேஷனில் அவர்களுக்குக் கோச்சி. போகிறவன் அந்தக் கப்பைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு அந்த ஒரே ஆசைதான் இருந்தது. வேறு எதையும் ஆசைப்பட எனக்குத் தைரியம் இல்லை.

மெச் அன்று காலையில் அவன் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் வரலக்கா. மனசு சரியில்ல. அழகுமுத்துவ ஆடச் சொல்லு."

"அழகுமுத்துவா? அவன் காலுல பந்து பட்டா பந்துக்கே அவமானம். எந்திரிடா."

"இத்தன வருசமா அங்க தோத்துத்தான வாறோம்? இன்னைக்கி மட்டும் என்னா ஆகப்போவுது?"

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது. "இந்தா பாரு. இந்த ஒரு மெச்ச நீ ஒழுங்கா ஆடல, நான் ஸ்டேசனுக்கே வரமாட்டேன். போறவன் அப்படியே போ."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

ஹட்டனில் டவுன் பையன்களோடு மெச். மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க எங்கள் தோட்டத்து ஆட்கள். நான் முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தொண்டையைத் திறந்தேன். "மேல! மேல அடிடா!" என் பின்னால் தோட்டமே கத்தியது. பந்து றோலண்டின் காலுக்கு வந்தது, அடித்தான். பந்து கோட்டைத் தாண்டி வந்து, என் பக்கத்தில் இருந்த வேலாயியின் மடியில் விழுந்தது. சோலைமலை அடித்தான், என் தோளில் பட்டது. அழகுமுத்துவும் வேறொருத்தன் இடத்தில் ஆடத்தான் செய்தான், அவன் அடித்தது பிளேன்டீ வாளியில் விழுந்தது. டவுன் பையன்கள் ஒரு கோல் போட்டார்கள். மூக்கன் பாய்ந்தான் என்று சொல்ல மாட்டேன், சாய்ந்தான். முதல் பாதி முடிவதற்குள் நான் றோலண்டைத் திட்டாத திட்டு இல்லை. எங்கள் பக்கமாகத்தான் ஆடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு திட்டும் அவன் முகத்தில் பட்டது.

இடைவேளையில் ஜோர்ஜ் கடலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"இந்தா புள்ள, பந்து ஏன் நம்ம மடிக்கே வருது?"

"ஏன், வந்தா ஒங்களுக்கு வலிக்குதா?" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, பொறி தட்டியது. இந்தத் தட்டை நிலத்தில் மேல்பக்கம் எது? எங்கள் பையன்களுக்கு மேல்பக்கம் என்றால் எங்கள் சத்தம் வரும் பக்கம். இத்தனை வருஷமாக நாங்கள் கூப்பிடக் கூப்பிட அவர்கள் பந்தை எங்களிடமே அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! பணிஸும் இல்லை, கண்ணும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. மறுகரையில் நின்ற சோலைமலையிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.

சரி, எங்கள் வாயை மூடினால் போதுமே. திரும்பி நின்று சொன்னேன்.

"இனிமே யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா கொன்னுபுடுவேன்."

"கைய தட்டலாமாக்கா?" என்றாள் வேலாயி.

"கையும் வேணாம், காலும் வேணாம். செத்த பொணமாட்டம் ஒக்காருங்க."

உட்கார்ந்தார்கள். நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இருந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

இரண்டாம் பாதியில் றோலண்ட் மறுகரைப் பக்கம் போய்விட்டான். சத்தமில்லாத மைதானத்தில் எங்கள் பையன்கள் முதலில் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு மெல்ல மெல்லப் பந்து நேராகப் போகத் தொடங்கியது. றோலண்ட் அனுப்பிய பந்தைச் சோலைமலை நேராக அடித்தான், கோல். ஒன்றுக்கு ஒன்று. எங்கள் ஆட்கள் ஊமைகளாகத் துள்ளினார்கள். நான் தலைப்பைக் கடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததே கிடையாது.

முடியப்போகும் நேரம். றோலண்டுக்குப் பந்து கிடைத்தது. ஒருத்தனை ஏமாற்றினான், இன்னொருத்தனைத் தாண்டினான். அவனுக்கு முன்னால் டவுன் கோல் கீப்பர் மட்டும்தான். அடித்தால் கோல், கோல் என்றால் கப். நான் எழுந்துவிட்டேன், தலைப்பு வாயிலேயே இருந்தது.

அவன் நின்றான்.

பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, கோலைப் பார்க்காமல், திரும்பி எங்கள் பக்கம் பார்த்தான். முன்வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். பின்னால் ஓடிவந்தவன் பந்தைப் பறித்து நீட்டி அடித்தான். அது எங்கள் கோலடிக்குப் போனபோது மூக்கன் பீடியைக் காதில் செருகிக்கொண்டிருந்தான். இரண்டுக்கு ஒன்று. விசில்.

தோட்டமே அவன்மேல் பாய்ந்தது. எல்லோருக்கும் முன்னால் பாய்ந்தது நான். சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன்டா நின்ன? என்னாத்த அழகு பாத்த? ஏன்டா நின்ன?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. தோற்றவன் முகமே இல்லை அது.

"நீ இருக்கியா?" என்றான். "ஒன் சத்தத்தையே காணோம். முன்னுக்கும் ஒன்னைக் காணோம். நான் ஒழுங்கா ஆடலன்னு கோவிச்சுக்கிட்டு போயிட்டியோன்னு பாத்தேன்."

சட்டையைப் பிடித்த கையை எடுக்க எனக்குத் தெரியவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று லொறியில் நான் ஒரு காரணமும் சொல்லவில்லை. பையன்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு வந்தான்.

நாலாம் நாள் ஹட்டன் ஸ்டேஷன். ஒப்பாரிக் கோச்சி என்றுதான் அந்தக் கோச்சிக்குப் பெயர். போகிறவர்களும் இருக்கிறவர்களும் கட்டிப்பிடித்துக் கதறுவார்கள். எனக்கு ஒப்பாரி வராது என்று முதலிலேயே தெரியும். டோரீனைக் கட்டிப்பிடித்தேன். றோலண்டின் தலையில் சிலுவை போட்டேன். அவன் ஏதோ கேட்டான், நான் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். கூட்டம் இடித்துத் தள்ளியதில் பின்னுக்குப் போய் ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டேன். அத்தனை பேர் அழுத அந்த இடத்தில் சத்தம் போடாதவள் நான் ஒருத்திதான்.

கோச்சி அசைந்தது. றோலண்ட் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினான். முன்னால் நின்ற ஆட்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். மைதானத்தில் பந்தை விட்டுவிட்டுப் பார்த்த அதே பார்வை. கண் தேடுகிறது, காதும் தேடுகிறது.

என் தொண்டை திறந்துகொண்டது.

"மேல அடிடா றோலண்டு! மேல! மேல அடிடா!"

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவன் தலை சட்டென்று என் பக்கம் திரும்பியது. என்னைக் கண்டுகொண்டான். முகமெல்லாம் சிரித்தான். கம்பியைப் பிடித்தபடியே வலது காலை வெளியே வீசி, இல்லாத பந்தை என்னைப் பார்த்து அடித்தான்.

நான் நிறுத்தவில்லை. வளைவில் கோச்சி மறைந்த பிறகும் கத்திக்கொண்டிருந்தேன். ஜோர்ஜ் பக்கத்தில் வந்து நின்றார். போதும் என்று சொல்லவில்லை.