நெறியாளரின் கையெழுத்து

ஆய்வேட்டின் நாலு பிரதிகளையும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் தள்ளிப் பூட்டிவிட்டு வினோதினி கூடத்துக்கு வந்தாள். அவள் அப்பா, பேராசிரியர் திருநாவுக்கரசைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு அறிவுமதி அழுதுகொண்டிருந்தாள்.

"மூத்த பொண்ணா?" என்றாள் எதிர் குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவள்.

"இல்லக்கா, எங்கண்ணங்கிட்ட பிஎச்.டி. பண்ற பொண்ணு" என்றாள் அத்தை விருத்தாம்பாள். குரலைத் தாழ்த்தவில்லை. "பெத்த பொண்ணு மரமாட்டம் நிக்குது. படிக்க வந்த பொண்ணு அழுவுது பாரு."

வினோதினிக்கு அழுகை வரவில்லை. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு, காலை பஸ்ஸில் அண்ணாமலை நகர் வந்தவள். அப்பாவின் அரசியல் அறிவியல், பொது நிர்வாகத் துறையில்தான் அவளும் எம்.ஏ. சேர்ந்தாள். பாதியில் நின்றபோது அவர் ஏன் என்று கேட்கவில்லை. "உன் இஷ்டம்" என்றார். அறிவுமதி ஒரு வாரம் துறைக்கு வராதபோது மட்டும் அவள் ஊர் தேவனாம்பட்டினத்துக்கே போனார். அவள் அப்பனிடம் பேசி, படிப்பைத் தொடரச் சம்மதிக்க வைத்துவிட்டு, ஒரு பை சங்கரா மீனோடு சிரித்துக்கொண்டே திரும்பினார்.

இன்று காலையும் அறிவுமதிக்காகத்தான் எழுந்து உட்கார்ந்தார். நெறியாளர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள். அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். மூச்சு வாங்க வாங்க நாலிலும் கையெழுத்துப் போட்டார். வினோதினி அவர் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தாள். "பதினோரு மணிக்கு அறிவு வரும், குடுத்துடு" என்றார். மகளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். பத்தரைக்கெல்லாம் முடிந்துவிட்டது.

துறைத் தலைவர் சிவசங்கர் மாலையை வைத்துவிட்டு வினோதினியிடம் வந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக்கூடாதும்மா. அறிவுமதி தீசிஸ்ல சார் கையெழுத்து போட்டுட்டாரா? நாளையோட அதுக்கு டைம் முடியுது. இல்லன்னா வேற கைடு மாத்தணும். ஒரு வருஷம் இழுத்துடும்."

"போடல சார்."

"காலைல போட்டுர்றேன்னு நேத்து போன்ல சொன்னாரே?"

"அவரால முடியல."

அறிவுமதியின் அழுகை நின்றது. அப்பாவின் வலது கையை மெல்ல எடுத்தாள். கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் பேனா கசிந்த நீல மை. காலையில் அவரைத் துடைத்துவிட யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அறிவுமதி அதைப் பார்த்தாள். பிறகு வினோதினியைப் பார்த்தாள்.

சொல்லட்டும் என்று நின்றாள் வினோதினி. எல்லார் முன்னாலும் சொல்லட்டும். ஒருமுறையாவது இவள் அசிங்கமாக நடந்துகொள்ளட்டும்.

சிவசங்கர் பெஞ்சை நோக்கித் திரும்பினார். "உங்கிட்ட ஏதாவது சொன்னாராம்மா?"

"இல்ல சார்" என்றாள் அறிவுமதி. "போட்டிருக்க மாட்டாரு."

அந்த விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கினாள். கையைப் போர்த்தியிருந்த வேட்டிக்கு அடியில் வைத்து, அதன்மேல் மாலையை இழுத்துவிட்டாள்.