பாய்ச்சலில் நங்கூரம்

2019 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. மொன்டானா மாநிலத்தில், கார்னெட் ஆற்றின் பைன் பட் இறங்குதுறையில், சூரியன் உதிக்கும் முன்னரே நாற்பத்தொரு படகுகள் வரிசையில் நின்றன.

மார்லிஸ் ஹாகனின் முறை வந்தபோது கீழ்வானம் சற்றே வெளுத்திருந்தது. படகு ஏற்றிய இழுவண்டியைப் பின்னோக்கி ஓட்டித் தண்ணீருக்குள் விட்டு, இறங்கி நின்று, கயிற்றை அவிழ்த்தாள். மலைப்பனி கரைந்து வரும் தண்ணீர் முழங்காலைக் கவ்வியது. துடுப்பு பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் வெடித்திருந்த பிளவுகளை முந்தின இரவு ஒட்டுப்பசை போட்டு மூடியிருந்தாள். முதல் இழுப்பிலேயே ஒன்று வாய் திறந்தது.

டிரவுட் மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களை வைத்துப் படகு வலிப்பதும், அவர்கள் தூண்டிலில் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈக் கொக்கியைக் கட்டிக் கொடுப்பதும், சிக்கிய மீனைத் திரும்ப ஆற்றில் விடுவதும் அவள் பிழைப்பு. படகு அவளுடையது. உரிமமும் வாடிக்கையாளர்களும் முதலாளி பிரான்ட் ஹாலோவெல்லுடையவை.

அந்தக் கோடையில் ஆறு சந்தைக்கடையாகியிருந்தது. கூட்டம் தாங்கவில்லை, வழிகாட்டிப் படகுகளுக்கு வரம்பு வேண்டும் என்று ஆற்று ஆணையம் பேசத் தொடங்கியிருந்தது. இந்தக் கோடையில் எந்த நிறுவனம் எவ்வளவு நடை போகிறதோ, அந்த விகிதத்தில்தான் நாளைக்கு அதற்கு அனுமதியில் பங்கு. அவ்வளவுதான், தினம் ஒரு நடை போன படகுகளை முதலாளிகள் இரண்டு நடை போக வைத்தார்கள். ஆற்றைக் காப்பாற்ற வந்த பேச்சே ஆற்றைப் பிழிந்தது. மார்லிஸ் கையில் எடுத்த மீன் ஒவ்வொன்றின் உதட்டிலும் பழைய கொக்கிக் கிழிசல் இருந்தது. நின்று தூண்டில் போட இடமில்லாத ஊர்க்காரர்கள் கரையிலிருந்து கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அந்தத் திட்டு ஹாலோவெல்லின் வீடுவரை போகாது. துடுப்புப் பிடித்தவர்களின் மேல்தான் விழும்.

"நேத்து என் படகுல வந்த பல் டாக்டர் வீசுன கொக்கி மூணு தடவை என் காதுல மாட்டிருச்சு. அவர் புடிச்சதுலயே பெரிய மீனு நான்தான்" என்றார் பக்கத்துப் படகின் ஓரின். இருபது வருடமாக இதே ஆற்றில் படகு வலிப்பவர்.

மார்லிஸ் சிரித்தாள். முன்னால், அதே முதலாளிக்குப் படகு வலிக்கும் க்ளைட்டின் படகு போய்க்கொண்டிருந்தது.

கல்வளைவில் நல்ல மீன் உண்டு. அந்த இடத்தைப் பிடித்து வை, எவனுக்கும் விடாதே என்பது ஹாலோவெல்லின் காலை உத்தரவு. பின்னால் வேறு நிறுவனத்துப் படகு ஒன்று நெருங்கி வருவதைக் க்ளைட் பார்த்தான். வளைவு கைவிட்டுப் போகப் போகிறது. இழுப்பான தண்ணீரிலேயே நங்கூரத்தை இறக்கினான்.

"எடுடா! க்ளைட், தூக்குடா அதை!" மார்லிஸ் கத்தினாள்.

நங்கூரம் பாறையில் மாட்டிப் பின்பகுதி அமிழ்ந்தது. தண்ணீர் பச்சைச் சுவர்போல உள்ளே சரிந்தது. மிதவைச் சட்டை போட்ட வாடிக்கையாளர்கள் இருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். கயிற்றை விடுவிக்கப் போன க்ளைட்டின் கையை அதே கயிறு சுற்றி இறுக்கியது. மார்லிஸ் தன் படகை நேரே அவன் படகின்மேல் விட்டாள். அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டு கத்தியால் கயிற்றை அறுத்தாள். பின்னால் வந்த படகுக்காரன் வாடிக்கையாளர்களைத் தூக்கிவிட்டான்.

க்ளைட்டின் இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. "மீன் எல்லாம் போச்சா?" என்று கேட்டான். அவனுக்கு நிதானம் தப்பியிருந்தது.

மாலையில் ஹாலோவெல் தன் படகுக்கூடத்துக்கு வந்தார். கசங்காத சட்டை.

"க்ளைட் எப்படி இருக்கான்?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நாளைக்கு அவனோட ரெண்டு நடையையும் யாரு எடுக்குறீங்க?"

"ஆஸ்பத்திரிச் செலவை யாரு எடுக்குறது?" என்றாள் மார்லிஸ்.

"எனக்கும் வருத்தம்தாம்மா. ஆனா அவன் என்கிட்ட சம்பளத்துக்கு இல்லையே. நீங்க எல்லாரும் சொந்தமா தொழில் பண்றவங்க. அப்படித்தானே கையெழுத்துப் போட்டீங்க? அதுவும் போக, பாய்ச்சல்ல நங்கூரம் போடுறது முட்டாள் வேலை."

"இடத்தைப் புடின்னு சொன்னது யாரு?"

"இடத்தைப் புடின்னேன். நங்கூரம் போடுன்னா சொன்னேன்?"

"ஓடுற தண்ணில வேற எதால புடிக்கிறது பிரான்ட்? பல்லாலயா?" என்றார் ஓரின். யாரும் சிரிக்கவில்லை.

ஹாலோவெல்லின் குரல் தணிந்தது. "வியாழக்கிழமை ஆணையத்துக் கூட்டம். எல்லாரும் கம்பெனித் தொப்பி போட்டுட்டு வந்துருங்க. வரம்பு வந்தா எங்க புள்ளைங்க பட்டினின்னு சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தான்."

மார்லிஸுக்குக் காது சூடானது. மொன்டானாவின் கோடை குறுகியது. ஜூலையில் வேலை போனால் அந்தப் பருவமே போனதுதான். தெரிந்துதான் வாயைத் திறந்தாள்.

"மேடையில வரம்பே வேணாம்னு எங்களைச் சொல்லச் சொல்றீங்க. வந்தா பெரிய பங்கு வேணும்னு ஆத்துல எங்களைச் சாகடிக்கிறீங்க. ரெண்டுக்கும் எங்க முதுகுதானா?"

"புடிக்கலைன்னா கிளம்பு. உன் இடத்துக்கு ஆளா இல்ல?"

"சொந்தத் தொழில்காரங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க? அப்ப எத்தனை நடை போறதுன்னு நான்தான் முடிவு பண்ணணும். நாளையிலிருந்து ஒரே நடை. பொழுது விடிஞ்ச பிறகுதான்."

"எனக்கும் ஒண்ணுதான்" என்றார் ஓரின். பின்வரிசையில் ஒருவன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். இன்னொருவனும் வைத்தான். ஹாலோவெல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எந்த முகமும் குனியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அறிமுகமில்லாத ஓர் இளைஞன் காத்திருந்தான். காலையில் க்ளைட்டின் பின்னால் வந்த படகுக்காரன். பெயர் கோல்பி.

"நான் நெருக்கினதாலதான் அவன் நங்கூரம் போட்டான்" என்றான். கண் சிவந்திருந்தது. "எங்க முதலாளியும் அதே வளைவைத்தான் புடிக்கச் சொல்லியிருந்தாரு."

மார்லிஸ் அவனை அறைய நினைத்தாள். அவன் கையைப் பார்த்தாள். அதிலும் ஒட்டுப்பசை.

"வியாழக்கிழமை கூட்டத்துக்கு உங்க கூடத்துலேர்ந்து எத்தனை பேரு எங்களோட வருவாங்க?" என்றாள்.

"கேட்டுப் பாக்குறேன்க்கா."

வியாழக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டரங்கில் கூட்டம் நடந்தது. இரண்டு கூடத்து ஆட்களும் வெறுந்தலையோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். மார்லிஸின் பெயரைக் கூப்பிட்டதும் பின்னாலிருந்த ஊர்க்காரர் ஒருவர், "வந்துட்டாங்க, ஆத்தை வித்துத் தின்னவங்க" என்றார்.

மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். "வித்தது நாங்க இல்ல. வலிச்சது நாங்க." பிறகு ஆணையத்தாரிடம் சொன்னாள்: "வரம்பு வேணும். ஆனா இந்தக் கோடையில அடிச்ச நடையை வச்சு முதலாளிங்களுக்குப் பங்கு போடாதீங்க. அந்தக் கணக்குக்காகத்தான் க்ளைட்டோட விரல் போச்சு. அனுமதியைத் துடுப்புப் புடிக்கிறவங்க பேருல எழுதுங்க. வாரத்துல சில நாள் எங்க படகே வராம ஆத்தை ஊர்க்காரங்களுக்கு விடுங்க."

அவள் உட்காரும் முன் வரிசை முழுக்க எழுந்து நின்றது. திட்டிய மனிதர் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார். பிறகு அவரும் எழுந்தார்.

ஆணையம் முடிவைச் செப்டம்பர் மாதத்துக்குத் தள்ளிவைத்தது. அன்றிரவே மார்லிஸையும் ஓரினையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக ஹாலோவெல் செய்தி அனுப்பினார். வெள்ளிக்கிழமை அவருடைய கூடத்திலிருந்து ஒரு படகும் கிளம்பவில்லை. கோல்பியின் கூடத்திலிருந்தும் கிளம்பவில்லை.