வானத்தில் இல்லாத புள்ளி

கணவன் றிப்தி கண்டுபிடித்த நட்சத்திரம் வானத்தில் இல்லை என்று பஸ்மினாவுக்கு ஒரு முற்பகலில் தெரியவந்தது. சாய்ந்தமருதில் வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீட்டில், மகளைத் தொட்டிலில் போட்டுக் காலால் ஆட்டிக்கொண்டே மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்தாள். கணவன் மனைவி இருவருக்கும் துறை ஒன்றுதான். காமாக்கதிர்களை அளக்கும் ஒரு செயற்கைக்கோளின் தரவுகளை வைத்து அவன் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டான். அவள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் பதிந்து, பிள்ளை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே ஆய்வு செய்துவந்தாள்.

காமாக்கதிரைச் சாதாரண வில்லையால் குவிக்க முடியாது. அதனால் அந்தக் கருவியின் வாயில் துளைகள் போட்ட தகடொன்றை வைத்திருக்கிறார்கள். தகட்டின் நிழல் கீழேயுள்ள உணரியில் விழும். அந்த நிழலை வைத்து, வானம் எப்படி இருந்திருக்கும் என்று மென்பொருள் கணக்குப் போட்டுப் படமாக்கும். பிரகாசமான நட்சத்திரமொன்று இருந்தால் அதைச் சுற்றிப் பொய்ப் புள்ளிகளும் முளைக்கும். மென்பொருள் அவற்றைக் கழித்துவிடும். ஆனால் நட்சத்திரம் கூடியும் குறைந்தும் எரிந்தால் அந்தக் கழித்தல் சரிவராது. மென்பொருளோடு வரும் கையேட்டின் கடைசியில், 'அறியப்பட்ட குறைபாடுகள்' என்ற தலைப்பின் கீழ் இது ஒற்றை வரியாகக் கிடந்தது. அவளும் எத்தனையோ தடவை அந்த வரியைத் தாண்டிப் போனவள்தான்.

றிப்தி இந்த நட்சத்திரத்தை அறிவித்த தன் கட்டுரைக்கு ஒரே கோணத்தில் எடுத்த படங்களை மட்டும் பாவித்திருந்தான். அவள் அன்று வேறு கோணங்களில் எடுத்தவற்றையும் சேர்த்து ஓட்டினாள். செயற்கைக்கோள் திரும்பிய பக்கமெல்லாம் அவனுடைய புள்ளியும் திரும்பியது. உண்மையான நட்சத்திரம் அப்படி இடம் மாறாது. இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். தொட்டிலை ஆட்டுவது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளை அழுதது.

பகல் சாப்பாட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள். அவன் கை கழுவாமலே எழும்பி வந்து திரையைப் பார்த்தான்.

“இத ஆருக்கும் காட்டினியா?”

“இல்ல. முதல்ல உங்களுக்குத்தான் சொல்லணும் எண்டு இருந்தன்.”

“இந்த மாசம் எனக்கு நிரந்தர வேலைக்கு நேர்முகப் பரீட்சை இரிக்கி. அது முடியட்டும். பிறகு நானே எழுதி அந்தக் கட்டுரைய வாபஸ் எடுக்கிறன்.”

“வேற ஆக்கள் இத நம்பி வேலை செய்வாங்களே.”

“கொஞ்ச நாள்தானே, பஸ்மினா. மென்பொருள்ட பிழைக்கு நான் என்ன செய்யிற?”

குறைபாட்டை அவர்கள் எழுதித்தானே வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், ஆறிப்போன சோற்றின் முன்னால் அவன் மறுபடி போய் உட்காருவதைப் பார்த்துவிட்டுக் கறியைச் சூடாக்கப் போனாள்.

நிரந்தர விரிவுரையாளர் பதவி கிடைத்தது. அவனுடைய ஊரான பாலமுனையில் சந்திக்குச் சந்தி பதாகை கட்டினார்கள்: 'புதிய நட்சத்திரம் கண்ட மண்ணின் மைந்தன்.' கட்டுரையைப் பற்றிக் கேட்டால் முதலில் “செய்யிறன்” என்றான். பிறகு கேட்டதும் குளிக்கப் போனான். அதற்குப் பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

அடுத்த வருடம் வெளிநாட்டுக் குழுவொன்று வேறொரு தொலைநோக்கியை நாட்கணக்காக அந்த இடத்துக்குத் திருப்பிப் பார்த்து, ஒன்றும் காணாமல், பழைய தரவுகளைக் கிளறியது. அங்கே ஒன்றுமே இல்லை, அது மென்பொருள் கழிக்காமல் விட்ட மிச்சம் என்று எழுதி வெளியிட்டது. துறைத்தலைவர் றிப்தியைக் கூப்பிட்டுக் கதைத்த அன்று, அவன் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தான்.

“நீதான் சொன்ன.”

“அல்லாஹ் அறிய நான் சொல்லல்ல.”

“அதே கோணம், அதே படம். நமக்குள்ள இருந்த விசயம் எப்பிடி அவங்கட கைக்குப் போன?”

“ஆரு பாத்தாலும் அப்பிடித்தான் தெரியும். இல்லாதது எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே இல்லாம இரிக்கும்.”

அவன் நம்பவில்லை. வீடு அவளுடையது; அதனால் உடுப்புப் பையோடு வெளியேறியது அவன்தான். பாலமுனையில் உம்மா வீட்டில் போய் இருந்துகொண்டான். பஸ்மினாவின் வாப்பா காலிதீன் சமாதானம் பேசப் போய்விட்டு வந்து, “மருமகன் வாசல்ல நிண்டே கதைச்சாரு” என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் றிப்தி மகளைப் பார்க்க வருவான். பஸ்மினா தேத்தண்ணி வைப்பாள். குடிக்காமல் போவான்.

அவளுடைய வாய்மொழிப் பரீட்சையும் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தது. மென்பொருளின் குறைபாடுகள் பற்றி அவள் தன் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தாள்; அது இல்லாமல் மற்ற அத்தியாயங்கள் நிற்காது. அவள் அறைக்குள் மடிக்கணினியின் முன்னால் இருந்தாள்; றிப்தி வெளியே முன்கூடத்தில் மகளோடு இருந்தான். கதவு முழுதாகச் சாத்தவில்லை. இதை முதலில் எப்போது கண்டீர்கள் என்று திரையில் இருந்த பரீட்சகர் கேட்டார். அந்த மாதத்தைச் சொன்னாள். அந்த வெளிநாட்டுக் குழுவின் கட்டுரைக்கு வெகுகாலம் முன்னால் அது.

பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போதே ஏன் அறிவிக்கவில்லை?”

“கணவரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.”

முடிவை எழுத்தில் அறிவிப்பதாகச் சொல்லித் திரை அணைந்தது. அவள் வெளியே வந்தபோது றிப்தி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

“அப்ப நீ மெய்யாவே சொல்லல்லயா?”

“அண்டைக்கே சொன்னன்தானே.”

அவன் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினான். “சொல்லியிருக்கலாம் நீ. வேலை கிடைக்க முதலே ஆருக்காவது சொல்லியிருந்தா, அந்த நேரம் விழுந்தாலும் நான் திரும்ப எழும்பியிருப்பன்.”

“என்னச் சொல்ல வேணாம் எண்டது ஆரு?” என்றாள். அவன் பிள்ளையை அவள் கையில் தந்துவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனான்.

பட்டம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தது. அதே மின்னஞ்சலில், ஆய்வுக்குழுவில் அவளுக்கென்று சொல்லியிருந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டதாக மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். காரணம் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மழை பிடித்திருந்தது. ஓட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகள் வாசலுக்கு ஓடினாள். பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கும் சொல்லி முடிந்தது. றிப்தி வரவில்லை.