நீலப்பூத் தண்ணீர்

“அந்தச் செடி கிட்ட வருதுமே.”

“செடிக்கு இன்னா காலா கீது? மழை வுட்டுச்சு, மொளைக்குது. துளசிதானேய்யா, வரட்டும்.”

“துளசில நீலப்பூ எங்க பாத்த? மொதல்ல காலி மனை மூலைல நின்னுச்சு. இப்போ நம்ம ஜன்னலாண்ட நிக்குது.”

போன வாரம் கட்டிலில் படுத்தபடி கணவர் புருஷோத்தமன் இப்படிச் சொன்னபோது காவேரி சிரித்தாள். இப்போது கழுவிவிட்ட கூடத்தில், அவர் தலைமாட்டில் ஏற்றிய விளக்கின் எதிரே தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

விளக்கின் பக்கத்தில் அந்த எவர்சில்வர் டம்ளர்.

காலையில் அவருக்கு மூச்சு இழுத்தபோது, “துளசித் தண்ணி வுடு, நிம்மதியா போவட்டும்” என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த மகன் செந்தமிழன், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு கொத்தைப் பறித்துத் தண்ணீரில் போட்டான். காவேரிதான் ஊற்றினாள். அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து கேட்க நினைத்தது தொண்டைவரை வந்தது. போகிறவரைத் தடுக்கக் கூடாதாம். விழுங்கிக்கொண்டாள்.

அவர் அடங்கிய பிறகுதான் எதிர்வீட்டுக் கோவிந்தம்மா டம்ளரை முகர்ந்தாள்.

“எவன்டா இத பறிச்சது? துளசியா இது? காயெல்லாம் முள்ளு முள்ளா கீது பாரு. ஆடுகூட வாய் வெக்காது.”

செந்தமிழன் போனில் படம் பிடித்துத் தேடிப் பார்த்தான். “அமெரிக்காலேந்து வந்த செடியாம் பெரிம்மா. ஆனா துளசி குடும்பந்தானாம்.”

“குடும்பமாம்! பொண்ணுக்குப் பதிலா அவ தங்கச்சிய மணைல ஒக்கார வெப்பியா?” பிறகு அவள் குரல் தாழ்ந்தது. “துளசி எறங்காத உசுரு வாசப்படி தாண்டாதுடா. வூட்டுக்குள்ளயே சுத்தும்.”

கூடத்தை இரண்டு முறை பினாயில் போட்டுக் கழுவியும் அந்தச் செடியின் வாசனை போகவில்லை. புதினாவும் இல்லை, துளசியும் இல்லை. காவேரி டம்ளருக்குள் குனிந்து பார்த்தாள். முள்காயிலிருந்து உதிர்ந்த விதைகள் ஊறி, வெள்ளைக் கூழுக்குள் ஒவ்வொன்றும் ஒரு கறுப்புப் புள்ளியாகக் கிடந்தன. டம்ளரைத் திருப்பினாள். மெல்ல உருண்டு, எல்லாம் அவளைப் பார்த்தே நின்றன.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. அவர் ஜன்னல் பக்கம் புரளும்போது வருகிற சத்தம்.

அவள் எழுந்திருக்கவில்லை.

ஈரத் தலையோடு திரும்பிவந்த செந்தமிழன் இலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். “மணிமங்கலம் கோயில் வாசல்ல பூக்காரம்மாகிட்ட வாங்கினேம்மா. அசல் துளசி. அப்பா படுத்த எடத்துல இத தண்ணில போட்டுத் தெளிச்சா சரியாப் பூடும்னு பெரிம்மா சொன்னாங்க. அப்புறம் போயிடுவாராம்.”

“போயிடுவாரா?”

“ஆமாம்மா. நான் தெளிக்கட்டுமா? என் தப்பும்மா அது.”

“தப்பில்லடா. நான் பாத்துக்குறேன். நீ பெரிம்மா வூட்ல போயி ஒரு வாய் சாப்பிடு.”

அவன் போனதும் பொட்டலத்தைப் பிரிக்காமலே பரண்மேல் வைத்தாள். திறந்து கிடந்த தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளறையில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு நீலப்பூ உள்ளே தலை நீட்டியிருந்தது. காற்றே இல்லை. அது ஆடிக்கொண்டிருந்தது.

கட்டிலில் அவருக்கு இடம் விட்டு, ஓரமாக உட்கார்ந்தாள்.

“போவாதய்யா,” என்றாள் காவேரி. “இங்கயே இரு.”